தெருச் சங்கமும் நகரசபையும்

ஒரு தெருவார் கூடிச் சங்கம் அமைக்குமுன், தங்கள் பொறுப்பு யாது, நகரசபையின் பொறுப்பு யாது என்று பிரித்தறிதல் வேண்டும். இதற்குக் கராச்சி நகரத்து ஓராங்கிக் குடியிருப்பு தக்க திருஷ்டாந்தமாகும்.

அங்கே கழிவுநீர் சந்துகளில் தேங்கி நோய் விளைத்தது. சர்க்கார் இலவசமாய்ச் சீர்செய்யுமென்று ஜனங்கள் காத்திருந்தனர். முன்னர்க் கொமில்லாவில் கூட்டுறவுச் சங்கங்களை வளர்த்த அக்தர் ஹமீத் கான் 1980-ஆம் ஆண்டில் அவ்விடம் வேலை தொடங்கினார். சந்திலுள்ள 20 அல்லது 30 வீட்டார் ஒரு சங்கமாயினர். தங்களுள் ஒருவரைத் தெரிந்தெடுத்தனர். அவரே பணம் வசூலித்து வேலையை நடத்தினார். கானுடைய ஸ்தாபனம் அளவெடுத்துத் திட்டமும் செலவு மதிப்பும் தந்து, கருவிகளை இரவல் கொடுத்தது. ஜனங்களின் பணத்தைத் தொடவில்லை. கண்டிராக்டர் லாபம் நீங்கியதால் செலவு வெகுவாய்க் குறைந்தது.

வீட்டுக் கக்கூசும் சந்துச் சாக்கடையும் குடிகள் பங்கு. பெருங்கால்வாயும் சுத்திகரிப்பு நிலையமும் சர்க்கார் பங்கு. பெருங்கால்வாய் இன்றேல் சந்தின் கழிவு அருகிலுள்ள ஓடையிற் சென்று விழும். ஆகவே நகரசபையின் உதவி இன்றியமையாதது.

அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டுவது ஒன்று: தன் பங்கை முடித்துக் கணக்குக் காட்டும் சங்கமே நகரசபையின் பங்கைத் தைரியமாய்க் கேட்க வல்லது.