நீரினுள் லேசர் மூலம் உலோக நனோதுணிக்கைகளைத் தயாரித்தல்

மாணவர்களே, பொன்னின் நிறம் என்ன என்று கேட்டால் மஞ்சள் என்பீர்கள். ஆனால், பொன்னை மிக நுண்ணிய துணிக்கைகளாக்கி நீரில் பரம்பச் செய்தால் அந்நீர் சிவப்பாகத் தோன்றும். மைக்கல் பரடே 1857 இல் இலண்டனில் இதனை ஆராய்ந்தார். அவர் பொன்னின் சேர்வையொன்றின் கரைசலைப் பொசுபரசினால் தாழ்த்தி இத்துணிக்கைகளைப் பெற்றார். இன்று வேறு இரசாயனப் பொருள் சேர்க்காமல், லேசரினாலும் அவற்றைப் பெறலாம்.

1. நனோதுணிக்கை

1 நனோமீற்றர் என்பது 10⁻⁹ மீற்றர் ஆகும். பொதுவாக 1 தொடக்கம் 100 நனோமீற்றர் வரை பருமனுள்ளவை நனோதுணிக்கைகள் எனப்படும். துணிக்கை சிறிதாக, மொத்த மேற்பரப்பு கூடும். 1 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரமுகியின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதனை 10 நனோமீற்றர் பக்கமுள்ள சதுரமுகிகளாகப் பிரித்தால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீற்றர் ஆகும். திணிவோ மாறவில்லை.

2. தயாரிக்கும் முறை

(அ) தூய உலோகத் தகடு காய்ச்சி வடித்த நீரில் மூழ்க வைக்கப்படும்.
(ஆ) விட்டுவிட்டுத் துடிப்புகளாக வரும் லேசர் கற்றை, குவிவு வில்லையினால் தகட்டின் ஒரு புள்ளியில் குவிக்கப்படும்.
(இ) அவ்விடத்து உலோகம் கணப்பொழுதில் உருகி ஆவியாகி, ஏற்றமுள்ள துணிக்கைகளைக் கொண்ட சூடான பிளாஸ்மாவாக மாறும். அதனைச் சூழ நீராவிக் குமிழி தோன்றும்.
(ஈ) சுற்றியுள்ள நீர் அதனை விரைவாகக் குளிர்விக்கும். உலோக அணுக்கள் ஒன்றுசேர்ந்து நனோதுணிக்கைகளாகும். குமிழி உடைய, அவை நீரில் பரம்பும்.

இம்முறையில் வெள்ளி, பொன், பிளாற்றினம் முதலிய உலோகங்களின் துணிக்கைகளைப் பெறலாம் என்பது 1993 இல் வெளியான ஆய்வுகளில் காட்டப்பட்டது.

3. லேசரின் வலு

ஒரு துடிப்பின் சக்தி 0.1 யூல், அது நீடிக்கும் நேரம் 10 நனோசெக்கன் எனக் கொள்வோம்.

வலு = சக்தி ÷ நேரம்
= 0.1 ÷ 10⁻⁸
= 10⁷ உவாற்று

0.1 யூல் சிறிய சக்தியே. ஆனால் அது மிகக் குறுகிய நேரத்தில், மிகச் சிறிய பரப்பில் வழங்கப்படுகிறது. வெப்பம் தகட்டின் ஏனைய பகுதிக்குப் பரவ நேரமில்லை. ஆகையால் அப்புள்ளி மட்டும் ஆவியாகிறது.

கவனிக்க: இதற்குப் பயன்படும் ஒருவகை லேசரின் அலைநீளம் 1064 நனோமீற்றர். பொன்னின் உருகுநிலையும் 1064 பாகை செல்சியசு. இவ்விரு எண்களும் தற்செயலாக ஒத்திருக்கின்றன. ஒன்றை மற்றதன் காரணமாக எழுத வேண்டாம்.

4. துணிக்கைகள் ஏன் அடியில் படிவதில்லை?

பொன் துணிக்கைகளின் மேற்பரப்பில் மறையேற்றம் உண்டு. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் அவை திரண்டு பெரிதாவதில்லை. உப்புச் சேர்த்தால் இத்தள்ளுகை வலுவிழக்கும். துணிக்கைகள் திரளும், சிவப்பு நிறமும் நீலமாகும்.

5. நன்மையும் குறையும்

இரசாயன முறையில் சேர்க்கப்படும் பொருள்களின் எச்சம் துணிக்கைகளில் ஒட்டியிருக்கலாம். லேசர் முறையில் அவ்வாறான எச்சம் இல்லை. மருத்துவ ஆய்வுகளுக்கு இத்தூய்மை முக்கியமானது. ஆயினும் துணிக்கைகளின் பருமன் ஒரே சீராக அமைவது கடினம். கருவியின் விலையும் அதிகம்.

மாதிரி வினா

பொன் தகட்டிலிருந்து நனோதுணிக்கைகள் உருவாதல் பௌதிக மாற்றமா, இரசாயன மாற்றமா? இரும்புத் தகடாயின் உமது விடை மாறுமா?

விடை: பொன் உருகி, ஆவியாகி, மீண்டும் ஒடுங்கிப் பெரும்பாலும் பொன்னாகவே இருப்பதால் இது பிரதானமாகப் பௌதிக மாற்றமாகும். இரும்பு தாக்குதிறன் கூடியது. நீருடன் தாக்கமுற்று ஒட்சைட்டுகளைத் தருவதால் அங்கு இரசாயன மாற்றமும் நிகழும்.

"லேசர் சூடானது, ஆகவே உலோகம் ஆவியாகிறது" என்று மட்டும் எழுதினால் விடை முழுமையடையாது. குறுகிய நேரம், சிறிய பரப்பு, உயர்ந்த வலு ஆகிய மூன்றையும் தொடர்புபடுத்தி எழுதுக.

எச்சரிக்கை: இத்தகைய லேசர் கற்றை கண்ணைக் குருடாக்கும். உரிய பாதுகாப்புள்ள ஆய்வுகூடத்திலன்றி இப்பரிசோதனையைச் செய்தலாகாது.