பெயர் தவறா, பாதை தவறா?



கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடத்திற்குப் பழைய பெயர் பெண்ணாகடம். உறையின் மேல் எந்தப் பெயரை எழுதினாலும், 606105 என்ற அஞ்சல் குறியீட்டு எண்ணையும் சேர்த்துவிட்டால் கடிதம் வந்து சேர்ந்துவிடும். நமக்குப் பெயர் எளிது. கடிதம் பிரிப்பவருக்கு எண் எளிது. கணிப்பொறிகளின் நிலையும் இதுவே.

பெண்ணாடத்தில் ஒரு பள்ளியின் கணிப்பொறி அறையைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கு இருபது கணிப்பொறிகளும் ஒரு சர்வரும் உள்ளன. சர்வரின் எண் 192.168.1.10. இது தனி வலைகளுக்கென ஒதுக்கப்பட்ட எண்களுள் ஒன்று. அதன் பெயர் 'தேர்வு.இன்டர்னல்'. நாளைக் காலை அதில் மாதிரித் தேர்வு. இன்று மாலை பெயரைத் தட்டினால், 'தளம் கிடைக்கவில்லை' என்கிறது திரை! என்ன செய்வீர்கள்?

எல்லாவற்றையும் அணைத்துப் போடுவதே பலரின் வழக்கம். சில வேளை அது பலிக்கும். ஆனால் காரணம் தெரியாமல் சரியான கோளாறு, நாளைத் தேர்வின் நடுவே மீண்டும் வரலாம். ஆகவே முறையாக ஆராய்வோம்.

தொடக்க காலத்தில் வலையிலிருந்த கணிப்பொறிகளின் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. கணிப்பொறிகள் பெருகவே அது கட்டுக்கடங்காமல் போயிற்று. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்க அறிஞர் 'டி.என்.எஸ்.' முறையை வகுத்தார். இதன்படி பெயரைத் தட்டியதும் உங்கள் கணிப்பொறி ஒரு டி.என்.எஸ். சர்வரிடம் எண்ணைக் கேட்கிறது. எண் கிடைத்த பிறகே பயணம் தொடங்குகிறது. எனவே கோளாறு இரண்டு இடங்களில் நேரலாம்: ஒன்று பெயர், மற்றொன்று பாதை.

முதற் சோதனை: பெயரை விட்டுவிட்டு, 'பிங்' என்ற கட்டளையுடன் 192.168.1.10 என்ற எண்ணைக் கொடுங்கள். பதில் வந்தால் பாதை நன்றாக உள்ளது. பெயரைத்தான் ஐயுற வேண்டும். பதில் வராவிட்டால், முதலில் கேபிளையும் மின்சாரத்தையும் பாருங்கள். சில சர்வர்கள் பிங்குக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டிருக்கும். அங்கே எண்ணை உலாவியில் தட்டிப் பார்க்கலாம்.

இரண்டாம் சோதனை: 'என்எஸ்லுக்அப்' கட்டளையுடன் பெயரைக் கொடுங்கள். யாரிடம் கேட்கப்பட்டது, என்ன பதில் வந்தது என்ற இரண்டையும் அது காட்டும். 'அப்படியொரு பெயர் இல்லை' என்பது ஒரு பதில், மௌனம் வேறு. மௌனமென்றால் டி.என்.எஸ். சர்வர் நின்றிருக்கலாம், அல்லது அதற்குச் செல்லும் பாதை அறுந்திருக்கலாம். 'இல்லை' என்றால், ஒருவேளை தவறான ஆளிடம் கேட்டிருக்கிறோம். 8.8.8.8 என்ற வெளி சர்வருக்கு நம் பள்ளியின் உள்பெயர் எப்படித் தெரியும்?

இங்கே ஒரு பொறி உண்டு. பள்ளி சர்வரை முதலாவதாகவும் வெளி சர்வரை இரண்டாவதாகவும் குறித்து வைப்பார்கள். 'முதலாமவருக்குத் தெரியாவிட்டால் இரண்டாமவரைக் கேட்கும்' என்பது அவர்கள் எண்ணம். அப்படியன்று! முதலாமவர் 'இல்லை' என்றாலே கேள்வி முடிந்தது. அவர் மௌனமாக இருந்தால்தான் அடுத்தவரிடம் செல்லும். ஒரு கணம் அவர் தாமதித்தாலும் கேள்வி வெளியாளிடம் போய், அவர் 'இல்லை' என்றுவிடுவார். ஒரே பெயர் ஒரு சமயம் திறந்து மறுசமயம் திறக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாம் சோதனை: என்எஸ்லுக்அப் சரியான எண்ணைச் சொல்லியும் உலாவி திறக்கவில்லையா? கணிப்பொறி முன்பு கேட்ட பதிலைச் சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும். சர்வரின் எண் மாறியிருந்தால் அது பழைய எண்ணுக்கே ஓடும். என்எஸ்லுக்அப் இந்த நினைவைப் பார்ப்பதில்லை. நேரே சர்வரைக் கேட்கிறது. விண்டோஸில் 'ஐபிகன்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்' என்ற கட்டளை நினைவை அழிக்கும். 'ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பில் யாரேனும் பழைய எண்ணை எழுதி வைத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இத்தொல்லை நேர்ந்ததுண்டு. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்ஆப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் 6 மணி நேரம் உலகெங்கும் முடங்கின. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் உள்வலையைத் துண்டித்தது. அதனால் அதன் டி.என்.எஸ். சர்வர்களுக்குச் செல்லும் வழி இணையத்திலிருந்து மறைந்தது. சர்வர்கள் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. அவற்றைக் கேட்கத்தான் வழியில்லை. பெயர்க் கோளாறாகத் தோன்றியதன் வேர் பாதைக் கோளாறு!

மின்சுற்றில் விளக்கு எரியாவிட்டால் பல்பு, கம்பி, மின்கலம் என ஒவ்வொன்றாகச் சோதிக்கிறோம் அன்றோ? இங்கும் அதே முறைதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கண்டதைக் குறித்து வையுங்கள்.

செய்து பாருங்கள்: ஆசிரியரின் அனுமதியுடன், உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் 'ஐபிகன்ஃபிக் /ஆல்' என்று தட்டி, அது எந்த டி.என்.எஸ். சர்வரைக் கேட்கிறது என்று குறியுங்கள். எதையும் மாற்ற வேண்டாம். பக்கத்துக் கணிப்பொறியிலும் அதே எண்தானா? இல்லையென்றால், ஏன் என்று சிந்தியுங்கள்.