ஒத்துக்காத சாப்பாடு: சமையலறைக்குச் சில குறிப்புகள்

1. இறாலோ நண்டோ தின்ற சற்று நேரத்தில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வந்தால் அலர்ஜியாக இருக்கலாம். "கொஞ்சமாத் தின்னா ஒண்ணும் ஆகாது" என்று சோதித்துப் பார்க்க வேண்டாம். பால் குடித்து வயிறு பொருமுவது வேறு. அப்படிப் பொருமுபவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். பால் அலர்ஜி உள்ள குழந்தைக்குத் தயிரும் ஆகாது. பெரும்பாலும் ஆட்டுப்பாலும் ஆகாது.

2. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்தில் கரையேறும் மீன் கடலை விட்டுத் தள்ளியுள்ள ஊர்களுக்கு வர நேரமாகும். சூரை, அயிலை போன்றவை ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் உண்டாகிவிடும். கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் போகாது. முகம் சிவந்து, உடம்பு அரித்து, அலர்ஜி போலவே தெரியும். ஒரே குழம்பைச் சாப்பிட்ட நாலு பேருக்கும் வந்தால் முதலில் மீனைச் சந்தேகியுங்கள்.

3. ஆலங்குடிப் பக்கம் கடலை விளையும் ஊர்களில் செக்கெண்ணெய்க்குத் தனி மரியாதை. ஆனால் கடலைப் புரதம் அதில் தங்கியிருக்கும். நிலக்கடலை அலர்ஜி உள்ள வீட்டில் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ வாங்கினாலும், கடலை ஆட்டிய அதே செக்கில் ஆட்டியதா என்று கேளுங்கள்.

4. ஆதனக்கோட்டை வறுத்த முந்திரி ஒத்துக்காதவருக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஒத்துக்காது. கீரமங்கலம், வடகாடு மொய் விருந்துக்குப் போனால் பரிமாறுபவரைக் கேட்டுப் பயனில்லை. குழம்பில் என்ன அரைத்துவிட்டது என்பது சமையல் மாஸ்டருக்குத்தான் தெரியும்.

5. குளூட்டன் என்ற தானியப் புரதம் ஒத்துக்காத சீலியாக் நோய்க்குக் கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி கூடாது. பலரும் கோட்டைவிடுவது பெருங்காயத்தில்: கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். கம்பு, கேழ்வரகு, வரகு நல்லவை. கோதுமை அரைத்த கையோடு அதே மில்லில் அரைத்தால் வீண்.

6. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், அவ்வளவுதான். பால், கடலை, சோயா உண்டா என்று அலர்ஜி வரியைப் படியுங்கள்.

7. கரப்பான் என்றதும் கத்திரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது நம் வழக்கம். பிள்ளை மெலிவதுதான் மிச்சம். தின்றதையும் அரித்த நேரத்தையும் நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். எதை நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும்.

8. மூச்சு முட்டினால், மயக்கம் வந்தால் உடனே 108. வெற்றிலை மிளகும் அலர்ஜி மாத்திரையும் அப்போது உதவாது. தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும். மயங்குபவரை எழுப்பி நடத்தாதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு திணறினால் சாய்ந்து உட்காரட்டும். ஊசி போட்டுத் தெளிந்தாலும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம். ஆஸ்பத்திரியில் இருக்கச் சொன்னால் இருங்கள்.