கொலு பொம்மைக்கு எந்தப் பெயிண்ட்?

கன்னி மாதம் பிறந்தால் எல்லையோர ஊர்களில் நவராத்திரிப் பேச்சு தொடங்கிவிடும். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் புறப்படுவாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூட வருவார்கள். ஊர்வலம் களியக்காவிளையில் கேரள எல்லையைத் தாண்டும். பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரைக்குப் போய் அங்கே தங்கும். பிறகு திருவனந்தபுரம் சேரும்.

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை மாறியது. பத்மநாபபுரம் தமிழ்நாட்டில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆனால் ஊர்வலம் நிற்கவில்லை. வீடுகளில் கொலு வைக்கும் வழக்கமும் நிற்கவில்லை.

பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு வீடு. மாமியாரும் மருமகளும் பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கினார்கள். செட்டியார் பொம்மையின் தலைப்பாகை வெளுத்திருந்தது. சரஸ்வதியின் வீணையில் வர்ணம் உதிர்ந்திருந்தது.

"மக்களே, கதவுக்கு அடிச்ச எனாமல் பெயிண்ட் மிச்சம் இருக்கு. அதையே பூசிடலாம்" என்றார் மாமியார்.

"அது எந்த வருஷம் வாங்கினது, அத்தை?"

"உங்க மாமா இருந்தப்போ வாங்கினது. பதினஞ்சு வருஷம் இருக்கும்."

"அப்படின்னா வேண்டாம் அத்தை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். நம்ம பிள்ளை எதை எடுத்தாலும் வாயிலே வைக்கிறான்."

"ஈயமா? ஈயச் சொம்பில்தானே ரசம் வைக்கிறோம்?"

மாமியார் கேட்டது நல்ல கேள்வி.

இரண்டு ஈயம்

ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயத்தால் செய்வது. பெயிண்டில் சேர்த்து வந்தது காரீயம். இரண்டும் வேறு வேறு. காரீயம் நஞ்சு.

பெயிண்ட் பளிச்சென்று இருக்கவும், சீக்கிரம் காயவும் காரீயம் கலந்தார்கள். பெயிண்ட் பழசானால் உதிரும். தூளாகும். அந்தத் தூள் பிள்ளையின் கையில் ஒட்டும். கையிலிருந்து வாய்க்குப் போகும்.

காரீயம் சிறு பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். படிப்பு ஏறாது. இரத்தசோகை வரும். கர்ப்பிணியின் உடலில் சேர்ந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் கெடுதல். இவ்வளவு காரீயம் உடலில் சேரலாம், கெடுதல் இல்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. உலக சுகாதார நிறுவனம் இப்படிச் சொல்கிறது.

90 என்ற எண்

இந்திய அரசு 2016-இல் ஒரு விதி கொண்டுவந்தது. அது 2017 நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் பூசும் பெயிண்டில், பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது. இதைத் தகரத்தின் மேல் எழுதியிருக்க வேண்டும். செய்த கம்பெனியின் பெயர், முகவரி, செய்த மாதம், வருடம் ஆகியவையும் இருக்க வேண்டும்.

தகரத்தில் ஆங்கிலம்தான் இருக்கிறதா? கவலை வேண்டாம். எண் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். 90 என்ற எண்ணைத் தேடுங்கள். வருடத்தைப் பாருங்கள். எதுவும் எழுதாத பெயிண்டை வாங்காதீர்கள்.

அக்ரிலிக் பெயிண்ட்

சின்னப் பொம்மைக்கு ஏற்றது அக்ரிலிக் பெயிண்ட். இது தண்ணீரில் கலந்த பெயிண்ட். சிறு புட்டிகளில் கிடைக்கும். தண்ணீர் ஆவியாகிப் போனதும் வர்ணம் மெல்லிய தோல் போலப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு தண்ணீரில் கரையாது.

எனாமலைக் கரைக்க டர்பன்டைன் வேண்டும். அதன் நெடியில் தலை வலிக்கும். காயப் பல மணி நேரம் ஆகும். கெட்டியாக இருப்பதால் சின்னப் பொம்மையின் மூக்கும் விரலும் மூடிப்போகும். அக்ரிலிக்கில் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் அக்ரிலிக் என்று சொன்னாலே நஞ்சு இல்லை என்று நினைக்க வேண்டாம். சில நிறங்களில் கெடுதலான பொருள்கள் இருக்கும். சில புட்டிகளில் 'நான்-டாக்சிக்' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். நஞ்சு இல்லாதது என்று பொருள். கடைக்காரரிடம் அதைக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

எல்லா நிறமும் வாங்க வேண்டாம். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய ஐந்து போதும். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் காவி. வெள்ளையில் கொஞ்சம் மஞ்சளும், ஒரு துளி சிவப்பும் கலந்தால் முகத்துக்கு ஆகும்.

பூசும் முறை

1. பொம்மையை ஈரத்துணியால் துடையுங்கள். காகிதக்கூழ் பொம்மையை நனைக்காதீர்கள். துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தால் போதும்.

2. நிழலில் நன்றாகக் காய விடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் வர்ணம் பொரிந்து உரியும். மழை நாளில் கூடுதல் நேரம் வேண்டும்.

3. பழைய பெயிண்டைச் சுரண்டாதீர்கள். உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தத் தூளில்தான் ஆபத்து. வர்ணம் மிகவும் உதிர்கிற பொம்மையைப் பிள்ளைக்கு எட்டாத மேல்படியில் வையுங்கள்.

4. முதலில் வெள்ளை பிரைமர் ஒரு கை பூசுங்கள். அதன் மேல் நிறம் பளிச்சென்று எடுக்கும்.

5. பழைய தட்டில் கொஞ்சமாகப் பெயிண்ட் எடுங்கள். சில துளி தண்ணீர் விடுங்கள். புட்டியை உடனே மூடுங்கள். திறந்து வைத்தால் இறுகிப்போகும்.

6. ஒரே தடவையில் தடிப்பாகப் பூசாதீர்கள். மெல்லிசாக ஒரு கை. காய்ந்ததும் இன்னொரு கை.

7. முதலில் உடம்பு. பிறகு சேலை. பிறகு கரையும் நகையும். கண் கடைசியில்தான். சிற்பிகளும் சாமி சிலைக்குக் கடைசியில்தான் கண் திறப்பார்கள். கண்ணுக்கு மிக மெல்லிய பிரஷ் வேண்டும்.

8. பிரஷை உடனே தண்ணீரில் கழுவுங்கள். காய்ந்துவிட்டால் பிரஷ் பாழ். கழுவிய தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.

பிரஷை வாயில் வைக்கலாமா?

நுனியைக் கூராக்கச் சிலர் பிரஷை உதட்டில் வைப்பார்கள். இது மிகக் கெட்ட பழக்கம். அமெரிக்காவில் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் கடிகாரத் தொழிற்சாலைகளில் இளம் பெண்கள் வேலை செய்தார்கள். இருட்டில் ஒளிரும் எண்களை ரேடியம் கலந்த பெயிண்டால் எழுதினார்கள். பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ரேடியம் எலும்பை அரித்தது. பல பெண்கள் இறந்தார்கள். அவர்களில் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். தொழிலாளர் பாதுகாப்புக்கு அந்த வழக்குகள் வழி திறந்தன.

நம் பொம்மைப் பெயிண்டில் ரேடியம் இல்லை. ஆனாலும் பெயிண்ட் வாய்க்குப் போகக் கூடாது. ஈரத்துணியில் பிரஷை உருட்டினால் நுனி கூராகும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

புட்டியின் மேல் உள்ள எழுத்து சின்னதுதான். அதைப் படிப்பவர் வீட்டில் பிள்ளைக்குப் பாதுகாப்பு. நவராத்திரியில் நாம் வணங்குவதும் எழுத்தைத்தானே!

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்.
1. மருமகள் பழைய பெயிண்டை ஏன் வேண்டாம் என்றாள்?
2. வெள்ளீயம் எதற்குப் பயன்படுகிறது?
3. பழைய பெயிண்டை ஏன் சுரண்டக் கூடாது?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. மஞ்சள் + நீலம் = ______
2. பெயிண்ட் தகரத்தில் தேட வேண்டிய எண் ______

இ. கணக்கு.
ஒரு புட்டியில் 15 மில்லி பெயிண்ட். 5 புட்டியில் எத்தனை மில்லி?

ஈ. செய்து பாருங்கள்.
உங்கள் வீட்டில் பெயிண்ட் தகரம் இருக்கிறதா? அதில் உள்ள மாதம், வருடத்தைப் படித்து நோட்டில் எழுதுங்கள்.