ஐம்பதாயிரத்தில் ஒரு கேமரா

சென்னை

அன்புள்ள கயல்விழிக்கு,

மாமா எழுதுவது. அக்கா போன் பண்ணியிருந்தாள். கையில் ஐம்பதாயிரம் இருக்கிறது, மீதிக்குத் தவணை போட்டு ஃபுல் ஃபிரேம் கேமராதான் வாங்குவேன் என்று நீ பிடிவாதமாக இருக்கிறாயாம். வேண்டாம். மாதாமாதம் கட்டும் தவணை, நீ படமெடுக்க ஊர் சுற்றும் பஸ் காசைத் தின்றுவிடும்.

ஃபுல் ஃபிரேம் நல்லதுதான். வெளிச்சம் குறைந்த இடத்தில் அதன் அருமை தெரியும். ஆனால் 2012இல் வந்த ‘வழக்கு எண் 18/9’ கேனன் 7டி என்ற ஸ்டில் கேமராவில் எடுத்த படம். அதில் இருப்பது ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏ.பி.எஸ்-சி அளவு சென்சார்தான். சென்சார் சிறிது என்று தியேட்டரிலிருந்து யாரும் எழுந்து போகவில்லை.

அதே அளவு சென்சார் உள்ள கேனன் 200டி உனக்குப் போதும். 2017இல் வந்த மாடல். செகண்ட் ஹேண்டில் தேடு. கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸோடு முப்பதாயிரத்துக்குள் முடிக்கப் பார். வெளி மைக் செருக இடம் இருக்கிறது, திரை திரும்பும், வீடியோவில் ஃபோகஸ் தடுமாறாது. 4கே கிடையாது, கற்றுக்கொள்ள அது தேவையுமில்லை. நிக்கான் டி3500ஐக் கடைக்காரர் நீட்டுவார். போட்டோவுக்கு அருமையான கேமரா. மைக் செருக வழியில்லாததால் குறும்படம் எடுக்கிற உனக்கு ஆகாது.

மிச்சப் பணத்தில் முதலில் 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ், பிறகு ஆட்டம் காணாத டிரைபாட், சுமாரான ஒரு மைக். ஜூம் இல்லாத லென்ஸ் என்று முகம் சுளிக்காதே. நீயே முன்னே பின்னே நடந்துதான் ஃபிரேம் பிடித்தாக வேண்டும். அந்தப் பழக்கத்துக்காகவே அதைச் சொல்கிறேன். 200டியில் மாட்டினால் 80 எம்.எம். போலத் தெரியும், முகங்களுக்கு அழகு. சின்ன அறைக்குள் எடுக்கும்போது கிட் லென்ஸுக்கு மாறிக்கொள்.

பழையது வாங்கும்போது கண் லென்ஸில் இருக்கட்டும். கழற்றி, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பார். உள்ளே சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் ஃபங்கஸ். நம் கடலோரப் புழுக்கத்தில் அலமாரியில் கிடந்த லென்ஸ்களுக்கு வரும் நோய் அது. பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதே. நாலைந்து தூசி பரவாயில்லை, படத்தில் தெரியாது. பிறகு எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார். சென்சாரில் அழுக்கு இருந்தால் கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். ஷட்டர் எத்தனை தடவை ஓடியது என்பது கேனன் படங்களின் விவரத்தில் பதிவாகாது, அதற்குத் தனி மென்பொருள் வேண்டும். கல்யாண வேலைக்கு ஓடிய கேமராவா என்று பிடியில் ரப்பர் தேய்ந்திருப்பதைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

வீடியோ எடுக்கும் முன் மெனுவில் வீடியோ சிஸ்டத்தை பி.ஏ.எல். ஆக்கு. 25 ஃபிரேமுக்கு ஷட்டர் 1/50 வை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப்லைட் வெளிச்சத்திலும் படம் துடிக்காது. ஆனால் மதிய வெயிலில் இதே 1/50, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் எஃப் 22 வரை மூடவேண்டி வரும். பின்னணி மங்கலாக வரவே வராது. அதற்குத்தான் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர். கிட் லென்ஸுக்கு 58 எம்.எம்., ஐம்பதுக்கு 49 எம்.எம். இரண்டு வாங்காதே. 58இல் ஒன்றும், அதை ஐம்பதில் மாட்ட ஒரு ஸ்டெப்-அப் ரிங்கும் போதும்.

வாங்கிய பிறகு ஆட்டோ மோடு பக்கம் போகாதே. படம் கருத்தாலும் வெளுத்தாலும் ஏன் என்று நீயே கண்டுபிடி.

விலை பேசி முடிக்கும் முன் பில்லில் உள்ள சீரியல் நம்பர் கேமராவில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா பார். பொருளைக் கையில் வாங்காமல் முன்பணம் அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமையாக வைத்துக்கொண்டால் நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
மாமா