கல்லூரியின் முதல் ஆங்கிலக் கட்டுரை: தரம் பிரிக்கும் தேர்வுக்குத் தயாராவது எப்படி?



ப்ளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டன. இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் நம் பிள்ளைகள் பலர் விண்ணப்பமும் சான்றிதழுமாக அலைந்துகொண்டிருக்கிறார்கள். சேர்க்கை கிடைத்ததும் வீட்டில் நிம்மதி வந்துவிடுகிறது. ஆனால் சென்னையின் சில தன்னாட்சிக் கல்லூரிகளில் வகுப்பு தொடங்கும் முதல் வாரத்திலேயே ஆங்கிலத்தில் ஒரு சிறு தேர்வு வைக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு தலைப்பைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். அதை வைத்து மாணவர்களை ஏ, பி என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஏற்ற பாடத்தை நடத்துவார்கள்.

இந்தத் தேர்வு இருப்பதே நம் வீடுகளில் பலருக்கு அன்று காலைதான் தெரிகிறது. தமிழ் வழியிலோ உருது வழியிலோ படித்த பிள்ளை வெள்ளைத் தாளைப் பார்த்து மிரண்டுபோகிறது. மிரட்சி வெட்கமாகிறது, வெட்கத்தில் ஆங்கில வகுப்புக்குப் போவது குறைகிறது. முதல் பருவத்தில் அரியர் விழுகிறது. பட்டப் படிப்பில் பகுதி இரண்டு ஆங்கிலத்தைத் தேறாமல் பட்டம் கிடையாது. பெண் பிள்ளை என்றால் "படிப்பு வரவில்லை, போதும்" என்று நிறுத்திவிடும் வீடுகளும் உண்டு. ஒரு மணி நேரத் தேர்வு மூன்றாண்டுப் படிப்பைக் கெடுக்க விடக்கூடாது. அதற்காகவே இந்தப் பாடம்.

இது பாஸ், ஃபெயில் தேர்வு அல்ல

மதரஸாவில் புதிதாக ஒரு பிள்ளையைச் சேர்க்கும்போது உஸ்தாத் என்ன செய்கிறார்? அருகில் உட்காரவைத்து ஓதச் சொல்லிக் கேட்கிறார். எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டால் காயிதாவில் தொடங்குகிறார். சரளமாக ஓதினால் அதற்குரிய வகுப்பில் உட்காரவைக்கிறார். காயிதாவில் உட்கார்ந்த பிள்ளை தோற்றுவிட்டதாக யாரும் சொல்வதில்லை. கல்லூரியின் இந்தத் தேர்வும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வைக்கப்படுவதும் அல்ல. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் புதிய மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆங்கிலத் தகுதித் தேர்வு வைத்து, தேவைப்படுவோருக்குத் தனி வகுப்பு நடத்துகிறது. ஆங்கிலமே தாய்மொழியாக உள்ள அமெரிக்காவில், ஹார்வர்டு 1874ஆம் ஆண்டிலேயே சேர்க்கைக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதவேண்டும் என்று வைத்தது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் 2 மணி நேரக் கட்டுரைத் தேர்வை நடத்தி, போதிய தரம் இல்லாதவர்களை எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்த்தது. வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளைகளும் அந்த வகுப்புகளில் உட்கார்ந்தார்கள்.

எனவே யாரோ எழுதிய கட்டுரையை மனப்பாடம் செய்து எப்படியாவது ஏ பிரிவில் நுழைந்துவிடலாம் என்று பார்ப்பது நமக்கே நாம் குழி தோண்டுவது. இப்போது கைபேசிச் செயலிகளும் நொடியில் கட்டுரை எழுதித் தருகின்றன. அதை உருப்போட்டு மேல் பிரிவுக்குப் போன பிள்ளைக்கு வகுப்பில் நடப்பது புரியாது, கேட்கவும் கூச்சப்படும். நம் உண்மையான நிலையை, தெளிவாக எழுதிக் காட்டவேண்டும். தயாரிப்பு என்பது அந்தத் தெளிவுக்காகத்தான்.

திருத்துபவர் எதைப் பார்க்கிறார்?

"ஆங்கிலக் கட்டுரை என்றால் பெரிய பெரிய வார்த்தை போடவேண்டும்" என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் எழுதப்படும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டாவது கட்டுரைக்கு 40 நிமிடம். குறைந்தது 250 சொற்கள். மதிப்பெண் நான்கு சம பங்காகப் பிரிகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாரா என்பது ஒன்று. கருத்துகளை வரிசையாக, ஒன்றோடொன்று தொடர்பாகச் சொன்னாரா என்பது இரண்டு. சொல்வளம் மூன்று. இலக்கணம் நான்கு.

கவனியுங்கள்: பாதி மதிப்பெண் கேள்விக்குப் பதில் சொல்வதற்கும் வரிசைக்கும் போகிறது. கல்லூரிகள் இதே கணக்கைப் பின்பற்றவேண்டும் என்பதில்லை. ஆனால் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர்கள் பொதுவாகப் பார்ப்பவை இவையே. வரிசையாகச் சிந்திக்க ஆங்கிலம் தேவையில்லை. பத்தாம் வகுப்பில் குறிப்புச் சட்டகம் போட்டு, முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தமிழில் கட்டுரை எழுதிய பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரியும். சட்டகத்தைத் தமிழிலோ உருதுவிலோ யோசியுங்கள். பிறகு எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு

தலைப்பு இப்படி இருக்கட்டும்: "கல்லூரியில் படிக்கும் மாணவர் பகுதிநேர வேலைக்குப் போகலாமா?"

மனப்பாடக் கட்டுரை எப்படித் தொடங்கும்? "இந்த நவீன உலகில் மாணவர்களே நாளைய இந்தியாவின் தூண்கள்" என்று தொடங்கும். இந்த வரியைக் கைபேசி பற்றிய கட்டுரையிலும் போடலாம், மரம் நடுவது பற்றிய கட்டுரையிலும் போடலாம். கேட்ட கேள்விக்கு மட்டும் அதில் பதில் இல்லை.

மாறாக, பதிலை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்: "மாணவர் பகுதிநேர வேலைக்குப் போகலாம். ஆனால் அது வகுப்பையும் தூக்கத்தையும் கெடுக்காத வேலையாக இருக்கவேண்டும்." இரண்டே வாக்கியம். நம் நிலைப்பாடும் வந்துவிட்டது, அதன் வரம்பும் வந்துவிட்டது.

இரண்டாம் பத்தியில் முதல் காரணமும் அதற்கு நம் ஊர்ச் சான்றும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. காசிமேட்டில் படகை நம்பியிருக்கும் வீடுகளில் வருமானம் குறையும் அதே காலத்தில்தான் கல்லூரிக் கட்டணமும் கட்டவேண்டியிருக்கிறது. மாணவரின் சிறு சம்பளம் அங்கே பெரிய உதவி. இதை எந்த கைடும் எழுதித் தராது. நம் பிள்ளைக்குத் தெரியும்.

மூன்றாம் பத்தியில் இரண்டாவது காரணம். மண்ணடியில் ஒரு கடையில் மாலையில் நிற்கும் பையன் கணக்கு எழுதக் கற்கிறான், முன்பின் தெரியாதவரிடம் மரியாதையாகப் பேசக் கற்கிறான்.

நான்காம் பத்தியில் எதிர்த்தரப்பு. இரவு வெகுநேரம் வேலை பார்த்தால் காலை வகுப்பில் தூக்கம் வரும். தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். அது குறைந்தால் சம்பளத்தால் ஈடுகட்ட முடியாது. இந்த ஆட்சேபம் நியாயமானது என்று ஒப்புக்கொண்டு, அதனால்தான் வரம்பு வைத்தோம் என்று சொல்லுங்கள். மறுப்பை மறைக்காமல் அதற்குப் பதில் சொல்லும் கட்டுரைக்கு மதிப்பு கூடும்.

கடைசிப் பத்தியில் முடிவு, இரண்டு மூன்று வாக்கியங்களில். புதிய காரணம் எதையும் அங்கே நுழைக்கவேண்டாம்.

வாசிப்புப் பகுதி கொடுத்தால்

சில தேர்வுகளில் ஒரு பக்கக் கட்டுரையைக் கொடுத்து, "ஆசிரியரின் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா?" என்று கேட்பார்கள். தொழிற்சாலைகள் வந்தால் ஊர் முன்னேறும் என்பது ஆசிரியரின் கருத்து என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவர் சொன்னதை உங்கள் சொந்தச் சொற்களில் இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள். அவருடைய வரிகளை அப்படியே நகலெடுக்காதீர்கள். அடுத்து உங்கள் கருத்து. அதன்பிறகு சான்று.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததையும், அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் பகுதியில் அமோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு வெளியேறியதையும் எண்ணூர்ப் பிள்ளைகள் மறந்திருக்கமாட்டார்கள். அவை வலுவான சான்றுகள். ஆனால் கோபத்தை மட்டும் கொட்டிவிட்டு நிறுத்தக்கூடாது. "தொழிற்சாலை வேலை தருகிறது என்பது உண்மை. ஆனால் ஆற்றில் எண்ணெய் கலந்தபோது மீனவர் வேலை நின்றது. ஆகவே பாதுகாப்பு இல்லாத தொழிற்சாலை ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கிறது" என்று ஆசிரியரின் வாதத்தோடு இணைத்துக் காட்டவேண்டும்.

அடிக்கடி வரும் பிழைகள்

நாம் தமிழிலோ உருதுவிலோ நினைத்து ஆங்கிலத்தில் எழுதுவதால் சில பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இந்த ஐந்தைத் திருத்தினாலே பாதி சுமை குறையும்.

1. "மை ஃபாதர் வொர்க் இன் ஹார்பர்" என்பது தவறு. ஒருவரைப் பற்றி நிகழ்காலத்தில் சொல்லும்போது வினையின் முடிவில் 'ஸ்' ஒலி வேண்டும், குறிப்பிட்ட துறைமுகம் என்பதால் 'தி'யும் வேண்டும்: "மை ஃபாதர் வொர்க்ஸ் இன் தி ஹார்பர்."

2. "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்" வேண்டாம். "ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்" போதும்.

3. "டிட் நாட் வென்ட்" தவறு. "டிட் நாட் கோ" சரி. 'டிட்' என்பதிலேயே இறந்தகாலம் வந்துவிட்டது.

4. "டிஸ்கஸ் அபௌட்" என்று எழுதவேண்டாம். 'டிஸ்கஸ்' தனியாகவே நிற்கும்.

5. 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' போடக்கூடாது. இரண்டில் ஒன்று போதும்.

இன்னொரு பழக்கம், ஒரே வாக்கியத்தைக் காற்புள்ளி போட்டுப் போட்டு ஆறு வரிக்கு இழுப்பது. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி சொல்லுங்கள், முற்றுப்புள்ளி வையுங்கள்.

நான்கு வாரத் திட்டம்

முதல் வாரம்: தினமும் அரை மணி நேரம். அன்று கண்ணால் பார்த்ததைப் பற்றி ஐந்து வாக்கியம். அகராதி வேண்டாம், தெரிந்த சொற்களாலேயே எழுதவேண்டும்.

இரண்டாம் வாரம்: தினமும் ஒரு பத்தி. முதலில் கருத்து, அடுத்து காரணம், அடுத்து எடுத்துக்காட்டு. 'பிகாஸ்', 'ஃபார் எக்ஸாம்பிள்', 'ஹவெவர்', 'தேர்ஃபோர்' ஆகிய நான்கு இணைப்புச் சொற்களைச் சரியான இடத்தில் போடப் பழகுங்கள்.

மூன்றாம் வாரம்: கிளை நூலகத்தில் ஆங்கில நாளிதழ் ஒன்றின் கட்டுரையைப் படித்து, மூன்று வாக்கியத்தில் சுருக்கி எழுதுங்கள். நான்காவது வாக்கியத்தில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நான்காம் வாரம்: கடிகாரத்தை வைத்து 40 நிமிடத்தில் மூன்று முழுக் கட்டுரைகள். ஒவ்வொன்றையும் ஆசிரியரிடமோ கல்லூரியில் படிக்கும் அக்கா, அண்ணனிடமோ காட்டுங்கள். திருத்தியபின் அதே கட்டுரையை மறுபடி முழுவதும் எழுதுங்கள். புதிதாகப் பத்து எழுதுவதைவிட, மூன்றைத் திருப்பி எழுதுவதில் பயன் அதிகம். செயலி வைத்திருப்பவர்கள் எழுதிய பிறகு பிழை பார்க்க அதைப் பயன்படுத்தலாம், எழுதுவதற்கு வேண்டாம்.

தேர்வு நேரத்தில்

40 நிமிடம் என்றால் முதல் 5 நிமிடம் கேள்வியை இருமுறை படித்துச் சட்டகம் போடுவதற்கு. அடுத்த 30 நிமிடம் எழுதுவதற்கு. கடைசி 5 நிமிடம் மேலே சொன்ன ஐந்து பிழைகளைத் தேடுவதற்கு. பக்கத்திலிருப்பவர் மளமளவென்று எழுதுவதைப் பார்த்துப் பதறவேண்டாம். ஒரு சொல்லுக்கு எழுத்து தெரியவில்லையா? வேறு எளிய சொல்லைப் போடுங்கள். கேட்ட அளவுக்குமேல் பக்கங்களை நிரப்பவேண்டியதில்லை.

பெற்றோருக்கு

பிள்ளை பி பிரிவில் சேர்ந்தால் சொந்தக்காரர் முன்னால் குத்திக்காட்டாதீர்கள். அந்த வகுப்பு அவர்களுக்காகவே நடத்தப்படுவது. அதை விடாமல் போகச் சொல்லுங்கள். அரசின் நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலத் திறன் பயிற்சியும் உண்டு. உங்கள் கல்லூரியில் எப்போது நடக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள்.

6 முதல் 12ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இதில் சேர்க்கப்பட்டுள்ளனர். படிப்பை நடுவில் நிறுத்தினால் அந்த உதவியும் நின்றுவிடும். ஓர் ஆங்கில அரியருக்காகப் பெண்ணை வீட்டில் நிறுத்த நினைப்பவர்கள், முடிவெடுக்குமுன் ஒருமுறை நம் அறக்கட்டளைக்கு வந்து பேசுங்கள்.

கல்லூரி திறக்கும்வரை ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பின் நம் அலுவலகத்தில் கட்டுரைப் பயிற்சி நடைபெறும். மாணவிகளுக்குத் தனி அமர்வு உண்டு. கட்டணம் இல்லை. ஒரு 100 பக்க நோட்டும் பேனாவும் கொண்டுவந்தால் போதும். வரும்போது முதல் வாரத்து ஐந்து வாக்கியங்களையும் எழுதிக்கொண்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், அங்கிருந்தே தொடங்குவோம்.