வரிசையில் கடைசி யார்?

வெளிநாட்டு நகரம் ஒன்றில் மூன்று மாதமோ ஒரு வருடமோ தங்கப் போகிறவர்களுக்கு "எல்லாம் நடக்கிற தூரம்தான்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பாதி மனம் அங்கேயே குடியேறிவிடும். கார் வேண்டாம், பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டாம், காலாற நடந்தால் ரொட்டிக்கடை, மருந்துக்கடை, நூலகம் எல்லாம் வந்துவிடும். இவை உண்மையான சௌகரியங்கள். நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கடை பக்கத்தில் இருப்பது ஒன்று, கடைக்காரருக்கு நம்மைத் தெரிந்திருப்பது இன்னொன்று. நீண்ட நாள் தங்கல்களிலிருந்து நான் உறுதியாக எடுத்துக்கொண்ட பாடம் இது: நடக்கத் தோதான பகுதி தரக்கூடிய பெரிய கொடை, ஒரே முகங்களை ஒரே இடங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிற வாய்ப்பு. அதை மனதில் வைத்து வீட்டையும் நேரத்தையும் பழக்கங்களையும் அமைத்துக்கொண்டால் சில வாரங்களில் கால் ஊன்றிவிடலாம். இல்லையென்றால் ஒரு வருடம் இருந்தாலும் விடுதியில் தங்கியவராகவே ஊர் திரும்புவோம். இதை விளக்க பார்சலோனாவின் கிராசியா பகுதியை எடுத்துக்கொள்கிறேன்.

கிராசியா 1897 வரை தனி ஊர். அந்த ஆண்டில்தான் பார்சலோனாவோடு சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பே, 1859-இல் இல்தெஃபான்ஸ் செர்தா என்ற பொறியாளர் வகுத்த திட்டப்படி, மூலை வெட்டிய சதுரங்களும் அகலமான சாலைகளுமாகப் புதிய நகரம் இந்த ஊரை நோக்கி வளர்ந்துவந்தது. அந்தச் சதுரம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 113 மீட்டர் நீளம். கிராசியாவுக்குள் நுழைந்ததும் அளவே மாறிவிடுகிறது. தெருக்கள் குறுகலானவை, கட்டடங்கள் உயரம் குறைந்தவை, சில நிமிடங்களுக்கு ஒரு சிறிய சதுக்கம். 33 மீட்டர் மணிக்கூண்டு நிற்கும் விலா சதுக்கம், தேவாலயத்தின் முன்னால் விரியும் விரெயினா, மெர்செ ரொதொரெதாவின் 1962 நாவலால் உலகம் அறிந்த தியமான் என்று அவை வரிசையாக வரும். பழைய ஊரின் உள்ளகமான இந்த விலா தெ கிராசியாவில் சுமார் ஒன்றே கால் சதுர கிலோமீட்டருக்குள் சுமார் 50,000 பேர் வசிக்கிறார்கள். வானளாவிய கட்டடங்கள் இல்லாமலே இத்தனை நெருக்கம். கீழே கடை, மேலே வீடு என்ற பழைய அமைப்பு இன்னும் உயிரோடிருப்பதற்கு இதுவே காரணம். ஒரு ரொட்டிக்கடை பிழைக்கத் தேவையான வாடிக்கையாளர்கள் நான்கு தெருவுக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். 2000களின் நடுவில் உள்தெருக்கள் பலவற்றில் கார்களைக் கட்டுப்படுத்தி, நடைபாதையையும் சாலையையும் ஒரே மட்டமாக்கினார்கள். அதற்குப் பிறகு தெருவின் நடுவிலேயே நின்று பேச முடிகிறது.

ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த இயக்கத்தைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். தெருத்துண்டுகள் குட்டையாக இருக்க வேண்டும், வீடும் தொழிலும் கலந்திருக்க வேண்டும், அப்போதுதான் வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு ஆட்கள் தெருவில் இருப்பார்கள், தெருவைப் பார்த்துக்கொள்ள எப்போதும் கண்கள் இருக்கும் என்பது அவர் வாதம். அதோடு அவர் கவனித்த இன்னொன்றுதான் வந்து தங்குகிறவருக்கு முக்கியம். நம்பிக்கை என்பது தெருவோரத்துச் சின்னச் சின்னச் சந்திப்புகள் பல சேர்ந்து உருவாவது என்றார் அவர். வெளியூரிலிருந்து நண்பர் வரும்போது வீட்டுச் சாவியை மூலைக்கடையில் கொடுத்துவிட்டுப் போகிற வழக்கத்தை உதாரணமாகக் காட்டினார். அந்தச் சந்திப்புகளின் எண்ணிக்கை கூட வேண்டும் என்றால் நடக்கிற வட்டம் சுருங்க வேண்டும். ஆகவே என் முதல் யோசனை: முதல் மாதம் நகரத்தைச் சுற்றிப் பார்க்காதீர்கள். வீட்டிலிருந்து பத்து நிமிட நடைக்குள் ஒரு ரொட்டிக்கடை, ஒரு காப்பிக்கடை, ஒரு காய்கறிக் கடை, ஒரு மருந்துக்கடை என்று தேர்ந்துகொண்டு, மாற்றாமல் அங்கேயே போங்கள். இன்னும் நல்ல ரொட்டி இரண்டு தெரு தள்ளிக் கிடைக்கலாம். கிடைக்கட்டும்.

அந்த வட்டத்தின் மையம் சந்தையாக இருக்கட்டும் என்பேன். பார்சலோனா மாநகராட்சி சுமார் 40 உணவுச் சந்தைகளை நடத்துகிறது. கிராசியாவில் இருக்கும் லிபெர்தாத் சந்தை 1888-ஆம் ஆண்டின் இரும்புக் கட்டடம். பேரங்காடியில் பொருளை எடுத்துக் கூடையில் போட்டுப் பணம் கட்டிவிட்டு, வாய் திறக்காமலே வெளியே வந்துவிடலாம். சந்தையில் அது முடியாது. கூட்டம் இருக்கும், ஆனால் பல கடைகளில் கண்ணுக்குத் தெரிகிற வரிசை இருக்காது. புதிதாக வருகிறவர் "கி எஸ் லுல்திம்?" என்று கேட்க வேண்டும். கடைசி யார் என்று அர்த்தம். யாரோ ஒருவர் கை தூக்குவார். அவருக்கு அடுத்தது நாம். அடுத்து வருகிறவர் கேட்கும்போது நாம் கை தூக்க வேண்டும். அந்த ஊர் மொழியான கத்தலானில் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் வாக்கியம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். வணக்கம் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கலாம். இதைக் கேட்டவர் அங்கிருப்பவர்களின் ஒழுங்குக்குள் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டார். நேரமும் பழக வேண்டும். சிறு கடைகள் பல மதியம் இரண்டு மணிக்குச் சாத்தி ஐந்துக்குத் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலானவை மூடியிருக்கும். திங்களன்று மீன்கடைகள் பலவற்றைத் திறப்பதில்லை, முந்தின நாள் மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை என்பதால். மதிய உணவு இரண்டு மணிக்கு, இரவு உணவு ஒன்பதுக்கு. இந்தக் கடிகாரத்தோடு சண்டை போடுகிறவருக்குப் போகும் இடமெல்லாம் கதவு சாத்தியே இருக்கும்.

வீடு தேடும்போது அறையின் படங்களைவிடக் கட்டடத்தின் சங்கதிகளை விசாரியுங்கள். சதுக்கத்தைப் பார்த்த பால்கனி பகலில் சொர்க்கம். இரவில் தூக்கம் போகும். கிராசியாவின் 'சொல்' என்ற சதுக்கத்தின் இரவுச் சத்தம் அங்கே குடியிருப்பவர்களின் பல வருடப் போராட்டம். தாங்களே கருவி வைத்து ஒலி அளந்து மாநகராட்சியிடம் காட்டும் அளவுக்குப் போனது. உள்முற்றத்தைப் பார்த்த அறைக்கு வெளிச்சம் குறைவு, நிம்மதி அதிகம். நீண்ட நாள் தங்குகிறவருக்கு நான் அதையே சொல்வேன். மாடி எண்ணையும் நம்பக் கூடாது. பார்சலோனாவின் பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கு மேலே இடைத்தளம், அதற்கு மேலே 'பிரின்சிபால்' என்று இரண்டு தளங்கள் போன பிறகே முதல் மாடி தொடங்குவது உண்டு. மூன்றாம் மாடி என்று எழுதியிருப்பது ஐந்தாவது ஏற்றமாக இருக்கலாம், லிஃப்ட் இல்லாமல். குளிர்காலம் கடுமையானதல்ல என்று நினைத்துக்கொண்டு வெப்பமூட்டும் வசதி இருக்கிறதா என்று கேட்காமல் விடுகிறார்கள். தடித்த சுவர் கொண்ட பழைய வீட்டுக்குள் ஜனவரியில் வெளியைவிடக் குளிரும். சில வீடுகளில் இன்னும் ஆரஞ்சு நிற கேஸ் சிலிண்டர்தான், 12.5 கிலோ எரிவாயு கொண்டது. தெருவில் டணார் டணார் என்று தட்டும் சத்தம் கேட்டால் சிலிண்டர்காரர் வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

இங்கே ஒரு கனமான ஆட்சேபம் எழுகிறது. கிராசியாவின் பழைய குடித்தனக்காரர்களை வாடகை துரத்துகிறது. துரத்துவதில் நம்மைப் போன்ற நீண்ட நாள் பயணிகளுக்கும் பங்கு உண்டு. ரொட்டிக்கடையில் புன்னகைத்துவிட்டால் அந்தப் பங்கு கழிந்துவிடுமா? கழியாது. இதைப் பூசி மெழுகக் கூடாது. 2024 ஜூனில் பார்சலோனா மாநகராட்சி, சுற்றுலாக் குடியிருப்புகளுக்கான 10,101 உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப்போவதில்லை என்று அறிவித்தது. அதே ஆண்டு மார்ச்சில் வாடகை உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தபோது, வீட்டுக்காரர்கள் பலர் அந்த வரம்பிலிருந்து தப்ப பருவகால ஒப்பந்தங்களுக்கு மாறினார்கள். சில மாதங்களுக்கு மட்டும் தங்க வருகிறவருக்கு எழுதப்படும் ஒப்பந்தம் அது. ஆகவே சுற்றுலாக் குடியிருப்பைத் தவிர்த்துவிட்டேன் என்பதோடு நம் பொறுப்பு முடிவதில்லை. அடுத்த தேர்வும் அதே சிக்கலுக்குள்தான் இருக்கிறது. நான் சரி என்று நினைப்பது, ஊர்க்காரர் குடியிருக்கும் வீட்டில் ஒரு அறை எடுப்பது. ஒரு குடும்பம் வாழவேண்டிய முழு வீட்டை அது சந்தையிலிருந்து எடுத்துக்கொள்வதில்லை. பல சமயம் அந்த வாடகைப் பங்குதான் அவர் அங்கேயே நீடிக்க உதவுகிறது. வாடகைக்கு இருப்பவர் அறையை உள்வாடகைக்கு விட உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாநகராட்சியின் குடியிருப்போர் பதிவேட்டில் அந்த முகவரியில் பெயர் பதியலாமா என்றும் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். வசிக்கிறவர் பதிய வேண்டும் என்பது ஸ்பெயின் சட்டம். மறுக்கிற இடத்தில் வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது. முழு வீடே தேவைப்படுகிற குடும்பத்துக்கு இந்த வழி பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் குறைந்த நெருக்கடி உள்ள வேறு பகுதியை யோசிப்பது நல்லது. நடக்கத் தோதான தெருக்கள் கிராசியாவில் மட்டுமே இருப்பவை அல்ல.

இன்னொரு ஆட்சேபம் மெல்லியது, ஆனால் பலரை உள்ளூரத் தடுப்பது. போகப் போகிறவர் எதற்கு உறவு கொண்டாட வேண்டும், அது வேஷம் இல்லையா என்பது. விசாவே பலருக்கு ஐரோப்பாவின் ஷெங்கன் விதிப்படி 180 நாளில் 90 நாள்தான். வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கான விசா 2022-இன் சட்டத்தால் வந்த பிறகும் கணக்கு வருடங்களில் அடங்கிவிடுகிறது. ஆனால் ஜேக்கப்ஸ் சொன்ன தெருப் பழக்கத்தின் இயல்பே, அது வீட்டுக்குள் நுழையாது என்பது. கடைக்காரர் நம் பெயரைக் கேட்காமலே நம் முகத்தை நம்புவார். நாமும் அவர் குடும்பக் கதை தெரியாமலே அவரிடம் ஒரு பொட்டலத்தை ஒப்படைப்போம். நாளை என்ன என்ற உறுதிமொழி அதில் இல்லை. நிரந்தர நட்பை எதிர்பார்த்துப் போகிறவருக்கு ஏமாற்றம் உண்டு. இந்த அளவான பழக்கம் ஊர் மாறுகிறவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தும். அதில் பொய் எதுவும் இல்லை.

மொழிப் பக்கமும் அப்படித்தான். ஸ்பானிஷ் தெரிந்தால் போதும், கத்தலான் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வேலை நடக்க ஸ்பானிஷ் போதும் என்பது சரி. ஆனால் கிராசியாவில் சந்தையிலும் விழாவிலும் பெரியவர்கள் தங்களுக்குள் பேசுவது பெரும்பாலும் கத்தலான். ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் பள்ளியிலிருந்தும் அரசு அலுவலகத்திலிருந்தும் விலக்கப்பட்ட மொழி அது. "பொன் தியா" என்று ஒரு காலை வணக்கம் சொன்னால் எதிரில் இருக்கும் முகம் மலர்வதன் காரணம் அந்த வரலாற்றில் இருக்கிறது. தாய்மொழிக்காக வீதிக்கு வந்த சமூகத்தைச் சேர்ந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. அரசு ஆதரவில் தொடக்க வகுப்புகள் இலவசமாகவே நடக்கின்றன. கற்பவரையும் பேசுபவரையும் இணைத்து மொத்தம் பத்து மணிநேரம் பேசவைக்கும் தன்னார்வத் திட்டமும் உண்டு. லெசெப்ஸ் சதுக்கத்தில் இருக்கும் ஜவுமே ஃபுஸ்தெர் நூலகத்தில் உறுப்பினர் அட்டை இலவசம். தனியாக வந்திருப்பவருக்கு மாலைப் பொழுதைக் கழிக்க அதைவிட நல்ல கூரை கிடைக்காது.

பத்து நிமிட வட்டம் சிறையாகிவிடாதா என்றால், ஆகாது. கிராசியாவின் ஃபொந்தானா நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஏறினால் நகர மையம் சில நிமிடங்களில் வந்துவிடும். பருப்பு, மிளகாய்த்தூள், பாசுமதி வேண்டுமென்றால் ரவால் பகுதிக்குப் போகலாம்; அங்கே பாகிஸ்தானியர் நடத்தும் மளிகைக் கடைகள் நிறைய. முட்டி வலி உள்ளவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பகுதி முழுக்கக் கடலிலிருந்து மலையை நோக்கி ஏறுகிறது. வடக்கே போகப் போக ஒவ்வொரு தெருவும் சரிவு, குவெல் பூங்காப் பக்கம் போனால் படிகளே. ஆகையால் சந்தைக்குத் தெற்கே வீடு பார்த்தால் சுமையோடு திரும்பும்போது இறக்கமாக இருக்கும். சக்கரம் வைத்த துணிப்பையை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள், அங்கே எல்லாரும் அதைத்தான் இழுத்துப் போகிறார்கள்.

எந்த மாதத்தில் போவது என்று கேட்டால், ஆகஸ்டில் தொடங்க வேண்டாம் என்பேன். குடும்பக் கடைகள் பல அந்த மாதம் முழுக்க விடுமுறையில் மூடியிருக்கும், பழக்கம் தொடங்க ஆள் இருக்காது. ஆனால் ஏற்கனவே சில மாதம் இருந்தவருக்கு ஆகஸ்ட்தான் கனிகிற காலம். 15-ஆம் தேதியையொட்டி வருகிறது கிராசியாவின் பெருவிழா. தெருவாசிகள் குழுவாகச் சேர்ந்து, பாட்டிலும் அட்டையும் காகிதமுமாகக் கழித்துப்போட்ட பொருள்களைக்கொண்டு முழுத் தெருவையும் காடாகவோ கடலாகவோ மாற்றிவிடுவார்கள். அந்த அலங்காரத்துக்கு மாதக்கணக்கில் மாலைகளில் வேலை நடக்கும். வெட்டவும் ஒட்டவும் கைகள் வேண்டும், அந்த வேலைக்கு இலக்கணம் தேவையில்லை. விழாவைப் பார்க்க வருகிற கூட்டம் லட்சக்கணக்கில் இருக்கும். அதற்கு முந்தைய மாதங்களில் கத்தரிக்கோலோடு உட்கார்கிறவர்கள் அந்தத் தெருக்காரர்கள். நீண்ட நாள் தங்குகிறவருக்கு மட்டுமே அவர்களோடு உட்கார நேரம் இருக்கிறது.

கிளம்பும்போதும் ஊர் வழக்கத்தைப் பின்பற்றுங்கள். ஒவ்வொரு தெருவுக்கும் வாரத்தில் ஒரு நாள், இரவு எட்டிலிருந்து பத்து மணிவரை, வேண்டாத மரச்சாமான்களை வாசலில் வைக்கலாம். பிறகு மாநகராட்சி வண்டி எடுத்துப்போகும். வண்டி வருவதற்குள் தெருவில் நடக்கிறவர்கள் நல்ல நாற்காலி, மேசைவிளக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் தெருவுக்கு எந்தக் கிழமை என்று வந்த வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு நாற்காலி கிடைப்பதும் அங்கேதான்.